14,000 கிலோமீட்டரில் கம்பி தெரிந்த பின்டயர்

என் காரின் பின்டயர் இரண்டும் 14,000 கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. உள்விளிம்பில் ரப்பர் முழுசாகப் போய்க் கம்பி எட்டிப் பார்த்தது. வெளியில் நின்று பார்த்தால் இன்னும் ஒரு வருஷம் தாராளமாக ஓடும் என்றுதான் யாரும் சொல்வார்கள். வெளி ஓரத்தில் 5 மில்லிமீட்டர், நடுவில் 4 மில்லிமீட்டர் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் மேடு, இருந்தது. உள் ஓரம் மட்டும் மொட்டை.

விஷயத்தைச் சொன்னவுடன் எல்லாரும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள்: “ஸ்போர்ட்ஸ் காரு வாங்கினா அப்படித்தான், மிதிச்சா தேயத்தான் செய்யும்.” மிதிக்க இடம் எங்கே இருக்கிறது? திருவொற்றியூரில் வீடு, பாரிமுனையில் ஆபீஸ், நடுநடுவே மணலிக்கும் மாதவரத்துக்கும் சரக்குப் பெட்டக நிலையங்களுக்குப் போய் வரும் கிளியரிங் வேலை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் 40 தொட்டால் அது நல்ல நாள். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ, பின்சக்கர இழுவை. 250க்கு மேல் போகாதபடி கம்பெனியே கடிவாளம் போட்டு விற்கும் ஜெர்மன் செடான். அதை நான் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எனவே “வேகமா ஓட்டுற, அதான் தேயுது” என்ற பேச்சு என்னிடம் செல்லாது.

கம்பி தெரிந்ததே ஒரு பஞ்சரால்தான். துறைமுகச் சாலைகளில் லாரியிலிருந்து விழும் போல்ட், கம்பித்துண்டு எல்லாம் பொறுக்கிக்கொள்வது எங்கள் பக்கத்து டயர்களின் தலைவிதி. தேரடிப் பக்கம் பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டு, “சார், பஞ்சர் கெடக்கட்டும், இத்தப் பாருங்க. உள்ளாண்ட கம்பி வந்துகீது” என்றார். அந்தப் பக்கம் எப்போதும் வண்டியின் அடியை நோக்கியே இருப்பது. முன்சக்கரம் என்றால் ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்தால் உள்விளிம்பு கண்ணில் படும். பின்சக்கரத்துக்கு அந்த வசதி இல்லை. 255/35 ஆர்19 என்ற அகல டயர் வேறு, சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைவதே கஷ்டம். மொபைலை வீடியோ மோடில் வைத்து, டார்ச்சைப் போட்டு, பின்பம்பருக்கு அடியிலிருந்து நீட்டி எடுத்தால் தெரியும். அதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

திருவொற்றியூரில் டயரைப் பற்றிக் கருத்துச் சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருப்பார். 1946இல் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யக் கொட்டகை போட்டு, அது பிறகு எம்.ஆர்.எஃப். ஆன ஊர் இது. என் மனைவியின் சித்தப்பாவும் டயர் கம்பெனியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கழற்றிய டயரை அவர் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய்ச் சாய்த்தேன். மூக்குக் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு உள்ளங்கையைப் பட்டன்கள் மேல் குறுக்காக இழுத்தார். உள் ஓரத்திலிருந்து வெளியே இழுத்தபோது கை வழுக்கிக்கொண்டு போனது. வெளியிலிருந்து உள்ளே இழுத்தபோது ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் தோலில் தட்டித் தட்டி நின்றது. என் கையைப் பிடித்தும் இழுத்துக் காட்டினார்.

“மாப்ள, இது ஓட்டுனதுல தேஞ்சது இல்ல. இழுத்துக்கிட்டுப் போனதுல தேஞ்சது. ஒரு பக்கமா கால இழுத்து நடக்கிறவன் செருப்பு மாதிரி. சக்கரம் நேரா நிக்கல.”

“கேம்பர் அதிகமா இருக்கும்னு சொல்றாங்களே மாமா?”

“கேம்பர் மட்டும்னா ஓரமா வழவழன்னு சாய்ஞ்சு தேயும். இப்பிடி ரம்பப்பல்லு நிக்காது. டோ பாரு, டோ.”

டோ, கேம்பர் இரண்டையும் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வண்டியைப் பின்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். வளைவில் நல்ல பிடிமானம் வேண்டும் என்பதற்காக இந்த மாதிரிக் கார்களில் பின்பக்கம் ஒன்றரை, இரண்டு டிகிரி வரை கம்பெனியே சாய்த்து வைத்திருக்கும். டோ என்பது மேலேயிருந்து பார்க்கும் கணக்கு. இரண்டு சக்கரத்தின் முன்பகுதியும் ஒன்றையொன்று பார்த்தால் டோ-இன், விலகினால் டோ-அவுட். பின்சக்கரங்களுக்குக் கொஞ்சம் டோ-இன் கொடுத்திருப்பார்கள், வண்டி நேராக நிதானமாக ஓடுவதற்காக.

எந்த இடம் தேயும் என்பதைக் கேம்பர் முடிவு செய்கிறது. எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதை டோ முடிவு செய்கிறது. இந்த ஒன்று புரிந்த பிறகு மற்றதெல்லாம் எனக்கு எளிதாகிவிட்டது. கேம்பரால் உள் ஓரத்தில் பாரம் கூடுதலாக உட்காருகிறது. டோ தவறினால் அதே ஓரம் ரோட்டில் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகிறது. வேகம் இதற்குத் தேவையே இல்லை, லாரிக்குப் பின்னால் ஊர்ந்தாலும் உரசும். ஒரு சக்கரம் 0.3 டிகிரி தவறி நின்றால், கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டருக்கும் மேல் பக்கவாட்டுத் தள்ளல். 14,000 கிலோமீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், எழுபது கிலோமீட்டரைத் தாண்டும். ஏறக்குறைய காஞ்சிபுரம் வரை. ரப்பர் வளைந்து கொடுத்து அதில் ஒரு பங்கைச் சமாளிக்கும்தான், ஆனால் சமாளிக்க முடியாததை எல்லாம் தன் உடம்பிலிருந்து கொடுக்கிறது.

இதில் எனக்குக் கடுப்பு எங்கே என்றால், அலைன்மென்ட் பார்க்காமல் நான் வண்டி ஓட்டவில்லை. காரை வாங்கியதும் ஒரு கடையில் பார்த்தேன், அப்புறம் ஒருமுறையும் பார்த்தேன். கலர் பிரிண்ட் கையில் கொடுத்தார்கள். அந்தத் தாள்களைப் பீரோவிலிருந்து எடுத்து மாமாவின் திண்ணையில் வைத்து நிதானமாகப் படித்தபோதுதான் கதை தெரிந்தது. ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு வரிசை எண்கள், அதாவது வேலைக்கு முன்னால் இருந்த அளவும் வேலைக்குப் பிறகு வந்த அளவும். முன்சக்கர எண்கள் மாறியிருந்தன. பின்சக்கர எண்கள் இரண்டு வரிசையிலும் ஒரு இழைகூட மாறவில்லை. அப்படியென்றால் பின்பக்கம் யாரும் ஸ்பானரே வைக்கவில்லை. இடது பின்சக்கரம் 0°18′ டோ-அவுட், வலது 0°09′ டோ-அவுட். இருக்கவேண்டியதோ லேசான டோ-இன். கேம்பர் இரண்டு பக்கமும் சொன்ன அளவுக்குள்தான் இருந்தது. மாமாவின் உள்ளங்கை சொன்னது தாளிலும் இருந்தது.

இன்னொரு விஷயம், சில மெஷின்கள் டிகிரியைத் தசமத்தில் காட்டும், சில டிகிரி-நிமிஷக் கணக்கில் காட்டும். 0.30 என்பதும் 0°30′ என்பதும் ஒன்றில்லை. முதலாவது 18 நிமிஷம், இரண்டாவது அரை டிகிரி. போனில் “முப்பதுதான் சார் இருக்கு” என்று யாராவது சொன்னால், எந்த முப்பது என்று கேளுங்கள்.

கடையில் போய்க் கேட்டதற்கு, “பின்னால அட்ஜஸ்ட்மென்ட் கெடையாது சார், முன்னால மட்டும்தான்” என்றார்கள். சின்ன ஹேட்ச்பேக் பலவற்றுக்கு இது உண்மை, பின்பக்கம் ஒரே பீம், திருக ஒன்றும் இல்லை. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கைகள், அதாவது ஆர்ம்கள், பல வைத்த சஸ்பென்ஷன் இருக்கும் இந்த ரகக் கார்களுக்கு உண்மையில்லை. ஆர்ம் பிடிக்கும் இடத்தில் மையம் விலகிய ஒரு போல்ட் இருக்கும். அதைத் திருப்பினால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ நகரும்.

மாதவரம் பக்கம் ஜெர்மன் வண்டிகள் மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஐம்பதைத் தாண்டியவர், எல்லாரும் அண்ணன் என்றே கூப்பிடுகிறார்கள். அவர் மெஷின் பக்கமே போகவில்லை. லிஃப்டில் ஏற்றி, இரண்டடி நீளக் கடப்பாரைக் கம்பி ஒன்றை லோயர் ஆர்முக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே கொடுத்து நெம்பினார். ஆர்ம் பிடிக்கும் இடத்தில் அதிர்வைத் தாங்க வைத்திருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். அதன் கறுப்பு ரப்பர் வாயைத் திறந்து காட்டியது. பாதிச் சுற்றுக்குக் கிழிசல். கம்பியை விட்டால் மூடிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துகொள்கிறது. “இதான் சார் விஷயம். நிக்கும்போது மெஷின்ல ஒரு கணக்கு, பிரேக் புடிச்சா வேற கணக்கு. சக்கரம் பின்னால போயி வெளிய பாக்கும். இத மாத்தாம அலைன்மென்ட் பண்ணா காசு தண்டம்.”

அப்போதுதான் எனக்கு வேறொன்றும் விளங்கியது. மணலி பாலத்து இணைப்புகளில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பின்பக்கம் லேசாக ஆடும். ரோடு மோசம் என்று விட்டிருந்தேன். நம் பக்கத்து ரோட்டின் மேல் எதைச் சொன்னாலும் ஒட்டிக்கொள்ளும், அதனால் வண்டியின் குறை எல்லாம் அதன் கணக்கில் போய்விடுகிறது.

இனி அந்தப் போல்ட். இதைக் கடற்கரையோரம் வண்டி நிறுத்துகிறவர்கள் கவனமாகப் படிக்கவும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று சும்மா விடாது, ஜன்னல் கம்பியையே சில வருஷத்தில் தின்கிறது. காரின் அடியில் இருக்கும் போல்டும் புஷ்ஷின் நடுக்குழாயும் துருவில் ஒட்டி ஒரே இரும்பாகிவிட்டிருந்தன. முதல் கடையில் பின்பக்கத்தைத் தொடாததற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம், திருகிப் பார்த்து அசையாமல் விட்டிருப்பார்கள். அண்ணன் துரு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறப்போட்டார், மறுநாள் சூடு காட்டினார், அப்புறமும் இடது பக்கம் மசியவில்லை. கிரைண்டர் போட்டு அறுத்தார். கிழிந்த புஷ்ஷைத்தான் எப்படியும் மாற்றப்போகிறோம் என்பதால் நஷ்டம் இல்லை. புது போல்டுகளின் தண்டில் தாமிர கிரீஸ் தடவிப் போட்டார், அடுத்த முறை அறுக்க வேண்டியிருக்காது என்று.

ஆர்மை முழுசாகப் புதுப்பேட்டையில் பழையது எடுத்துப் போட்டுவிடலாம் என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். கதவு, கண்ணாடி என்றால் புதுப்பேட்டைக்கு நானே முதலில் போவேன். ரப்பர் புஷ் பழையதாக வாங்குவதில் அர்த்தமில்லை, அதற்கும் அதே வயது ஆகியிருக்கும்.

புஷ் மாற்றும்போது கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய ஒன்றை அண்ணன் செய்ததைப் பார்த்துத்தான் கற்றேன். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்டை இறுக்கவில்லை. ஜாக்கியால் ஆர்மைத் தூக்கி, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து அப்புறம்தான் இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். புது புஷ் போட்டும் ஆறே மாதத்தில் போச்சு என்று புலம்புகிறவர்கள் பலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

அதன் பிறகு அலைன்மென்ட். சில ஜெர்மன் கம்பெனிகள் இதற்கு டேங்கை நிரப்பி, சீட்டுகளில் ஆள் எடைக்குப் பாரம் வைத்து அளக்கச் சொல்கின்றன. ஸ்ப்ரிங் அமுங்கும்போது கேம்பரும் டோவும் மாறும் என்பதால். இங்கே சீட்டில் பிளாஸ்டிக் விரித்து மணல் மூட்டை ஏற்றினார்கள். முதலில் பின்சக்கரம், அதை வைத்துத்தான் முன்சக்கரம். பின்னால் கோணலாக விட்டுவிட்டு முன்னால் எவ்வளவு நேர்ப்படுத்தினாலும் ஸ்டீரிங் நடுவில் நிற்காது. கையில் வந்த தாளில் பின்பக்க எண்கள் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். புஷ், போல்ட், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்தும் ஒரு பின்டயரின் விலையைத் தாண்டவில்லை. அந்த டயர் ஒன்று முப்பதாயிரத்துக்கு மேல்.

டயரைக் கடைசியில்தான் வாங்கினேன். அதுவரை யாரோ கழற்றிப்போட்ட ஒரு பழைய ஜோடியில் ஊருக்குள் மட்டும் ஓட்டினேன். புது டயரைப் போட்டுவிட்டு அப்புறம் ரிப்பேரைப் பார்ப்போம் என்றால், கோணல் சக்கரம் முதல் ஆயிரம் கிலோமீட்டரிலேயே தன் வேலையைக் காட்டிவிடும்.

இந்த அளவு டயர் தேடுவதே தனிக் கதை. 2020 ஜூனிலிருந்து புது டயர்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர உரிமம் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இறக்குமதித் தொழிலில் இருப்பவன் என்பதால் அந்த அறிவிப்பைத் தொழில்முறையில் அன்றே படித்தேன். என் பாக்கெட்டைத் தொடும் என்று அன்று நினைக்கவில்லை. எல்லாரும் வாங்கும் அளவுகள் கிடைத்துவிடும். 19 அங்குல அகல டயர், அதிலும் கார் கம்பெனிக்கென்றே நட்சத்திரக் குறியோ எம்.ஓ., ஏ.ஓ. எழுத்தோ போட்டு வருவது, காத்திருந்துதான் வாங்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் தலையில் பழைய ஸ்டாக்கைக் கட்டிவிடுவார்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்தது. கடைக்காரர் பில் போடும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

பக்கச் சுவரில் ட்ரெட்வேர் என்று ஒரு எண்ணும் இருக்கும். எண் கூடினால் அதிகம் உழைக்கும், குறைந்தால் மிருதுவான ரப்பர். சோதனை டயரை 100 என்று வைத்துக் கம்பெனிகளே போட்டுக்கொள்ளும் மதிப்பு அது. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும். வேறு வேறு கம்பெனி எண்களை அருகருகே வைத்துச் சண்டை போட வேண்டாம். ஸ்போர்ட்ஸ் டயர் மிருதுவானதுதான், குடும்பக் காரின் டயர் போல 50,000 ஓடாது. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் மிருதுவான ரப்பர் தேய்ந்தால் அகலம் முழுக்கத் தேயும். ஓரத்தில் மட்டும் தேய்ந்தால் குற்றம் ரப்பரில் இல்லை.

முன்பின் மாற்றிப் போடலாமே என்பார்கள். டயர் அகலம் முன்னால் 225, பின்னால் 255, மாற்ற வழியில்லை. திசை அம்புக்குறி இல்லாத டயராக இருந்தால், பின்பக்கத்திலேயே இடதை வலதுக்கு மாற்றலாம், அவ்வளவுதான்.

காற்றைப் பற்றியும் கொஞ்சம். எங்கள் பக்கம் எந்தக் கடையில் விட்டாலும் நாலு சக்கரத்துக்கும் 35 அடித்து அனுப்புவார்கள், பைக் தவிர எல்லாவற்றுக்கும் அதுதான். என் கார்க் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு ஒரு அளவு, ஆள் நிறைய ஏறினால் வேறு அளவு. என் காரில் இருப்பது ரன்-ஃபிளாட், காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயர். அதன் பக்கச் சுவர் கட்டையாக இருப்பதால் காற்று பாதி போனாலும் பார்வைக்குத் தெரியாது. டேஷ்போர்டில் எச்சரிக்கை வருமே என்றால், சில வண்டிகளில் அது காற்றை அளப்பதே இல்லை, சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டு ஊகிக்கிறது. குறைந்த காற்றில் ரீசெட்டை அழுத்தினால் அதையே சரியான அளவு என்று பதிந்துகொள்ளும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாதபோது, சொந்த கேஜில் பார்ப்பதுதான் கணக்கு. 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். மே மாத மத்தியானம் பெட்ரோல் பங்க்கில் பார்த்துக் காற்றைக் குறைத்தால், மறுநாள் விடியலில் டயர் பட்டினி கிடக்கும். காற்று குறைந்த டயர் இரண்டு ஓரமும் தேயும், கூடினால் நடு தேயும். நைட்ரஜனுக்குத் தனிக் காசு கொடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

சட்டப்படி காருக்குப் பட்டன் 1.6 மில்லிமீட்டர் ஆகும் வரை ஓட்டலாம். டயரின் பள்ளங்களுக்குள் அங்கங்கே மேடாக இருக்கும் கட்டைகள் அந்த உயரத்தில்தான் வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அதை நம்பி நான் வண்டி எடுக்கமாட்டேன். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிறைந்தால் யாரும் இறங்கப்போவதில்லை, அது கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர். ரோட்டின் மேல் விரல் தடிமனில் நிற்கும் தண்ணீரில் அகல டயர் மிதக்கும், பட்டன் குறையக் குறைய இன்னும் சீக்கிரம் மிதக்கும். பின்சக்கரம் மிதந்தால் ஸ்டீரிங்கால் செய்ய ஒன்றுமில்லை. அக்டோபருக்கு முன்னால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுவது என்று வைத்திருக்கிறேன். ஆழம் பார்க்கும் கேஜ் சில நூறு ரூபாய்தான். வெளி, நடு, உள் என்று மூன்று இடம் அளந்து தேதியோடு எழுதி வைத்தால், எதுவும் மோசமாவதற்கு வெகுநாள் முன்பே தெரிந்துவிடும்.

புது ஜோடி இப்போது 6,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கடைசியாக அளந்தபோது வெளி ஓரத்துக்கும் உள் ஓரத்துக்கும் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்தக் கேம்பருக்கு அது இருக்கத்தான் செய்யும் என்கிறார் மாமா. அடுத்த முறை ரன்-ஃபிளாட்டை விட்டுச் சாதாரண டயருக்குப் போகலாமா என்று ஒரு யோசனை ஓடுகிறது. சொகுசு கூடும், விலையும் குறைவு. ஆனால் இந்தக் காரில் ஸ்டெப்னி வைக்க இடமே கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மணலி ரோட்டில் லாரி போல்ட் ஒன்று ஏறினால் டிக்கியில் இருக்கும் குட்டிக் கம்ப்ரசரை நம்பி நிற்க வேண்டும். மாமா சாதாரண டயர் என்கிறார், மாதவரத்து அண்ணன் ரன்-ஃபிளாட் என்கிறார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.